கேர்கிவர்: தமிழில் யார்?

முதுமையாலோ நோயாலோ தளர்ந்த ஒருவரைச் சம்பளம் வாங்காமல் வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகள், மருமகள், கணவர், அக்கம்பக்கத்தார் ஆகியோரை இப்போது ‘கேர்கிவர்’ என்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் பரவிய சொல் இது. பிரிட்டனில் ‘கேரர்’ என்பார்கள். ‘கேர்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் கவலை, துயரம் என்றே பொருள். கவனிப்பு என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது.

தமிழில் ‘பராமரிப்பாளர்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. மின்கம்பிக்கும் சாலைக்கும்கூடப் பராமரிப்பு உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, பிள்ளைகள் தரவேண்டிய மாதத் தொகைக்கே பராமரிப்பு என்று பேர். செய்த வேலையும் கொடுத்த பணமும் அதில் அடங்கிவிடும். கூடவே இருந்தது அடங்காது.

என்னென்ன உதவி நடக்கிறது என்று பார்த்துக்கொள்பவரிடமும் பார்க்கப்படுபவரிடமும் தனித்தனியாகக் கேட்டால் கணக்கு ஒத்துவராமல் போவது இந்த இடத்தில்தான். கோத்தகிரிப் பக்கம், வாதம் வந்து படுத்த ஓர் அம்மாவிடம் கேளுங்கள். “குளிக்க மட்டும் மக ஒத்தாசை பண்ணுவா” என்பார். மார்கழிக் குளிரில் விறகு மூட்டி வெந்நீர் போட்டது, ராத்திரி போர்வை விலகியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தது, கொழுந்து பறிக்கப் போகாமல் கூலியை விட்டது எல்லாம் மகளின் கணக்கில் இருக்கும். அம்மா எதையும் மறைக்கவில்லை. மகள் எழுந்து பார்த்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்புறம், பிறரை நம்பியிருப்பதைச் சொல்ல அவருக்குக் கூச்சமும் உண்டு. அதேபோல அம்மாவிடம் மட்டும் இருக்கும் கணக்கும் ஒன்று உண்டு: தண்ணீர் கேட்டுவிட்டுக் காத்துக்கிடந்தது, அவசரத்தில் உடம்பைத் துடைத்தபோது வலித்தது. மகளிடம் கேட்டால் இவை வராது. கணவன் மனைவி என்றால் இன்னும் சிக்கல். காலமெல்லாம் சமைத்துப் போட்டவர் இன்று சமைப்பதை உதவி என்று யார் எண்ணுவார்?

ஒருவருக்கு அன்றாட வேலைகளில் எவ்வளவு உதவி தேவை என்று அளக்க, 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் வகுத்த பட்டியல் இன்றும் புழங்குகிறது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, எழுந்து நகர்வது, மலசலம் அடக்குவது, உண்பது என ஆறு. காவலிருப்பதற்கு அதில் இடமில்லை. அமெரிக்காவில் 2011-இல் தொடங்கிய தேசிய முதியோர் ஆய்வு ஒன்று முதியவரிடம் கேட்பதோடு நிற்காமல், அவருக்கு உதவுகிறவர்களிடமும் தனியே கேட்கிறது. அதுதான் சரியான வழி.

கேர்கிவருக்கு நம்மிடம் ‘உழைச்செல்வான்’ என்ற பழைய சொல் இருக்கிறது. மருந்து அதிகாரத்தின் 950-ஆம் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோய் உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருப்பவரை மருத்துவருக்கு இணையாக ஒரு கூறாக வைத்த சொல் அது. உற்றவனும் அதில் தனிக் கூறு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று அதை அப்படியே புழங்குவது கடினம். ஆனால் ஊட்டியோ குன்னூரோ, ஆஸ்பத்திரி வார்டில் “கூட யாரு இருக்கீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். அதை எழுத்துக்குக் கொண்டுவந்தால் ‘உடனிருப்பவர்’. வீட்டார் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்வதைக் குறிக்கும் ‘முறைசாராப் பராமரிப்பு’ என்ற தொடருக்குப் பதிலாக ‘உடனிருப்போர் கவனிப்பு’ என்று எழுதலாம். வீட்டாரின் உழைப்பை முறையற்றது போலக் காட்டும் சொல் வேண்டாம். நோயாளியை ‘கவனிப்பு பெறுபவர்’ எனலாம்.