ரசீது இருந்தால் போதுமா?

அருங்காட்சியகப் பொருள்களுக்கு விவர அட்டை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன மாதம் ஒரு சேகரிப்பின் பதிவேட்டைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். முதல் அட்டையிலேயே, "மரச் சிற்பம், சடங்குக்கு உரியதாக இருக்கலாம், டிலிங்கிட், அலாஸ்கா" என்று எழுதியிருந்தது. டிலிங்கிட் என்பவர்கள் தென்கிழக்கு அலாஸ்காவின் கடலோரப் பழங்குடி மக்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஹாலிபட் என்னும் பெரிய தட்டை மீனைப் பிடிக்கும் தூண்டில்!

இரண்டு மரத்துண்டுகளைக் கவைபோல் பொருத்தி, வேர் நாரால் இறுகக் கட்டியிருந்தார்கள். ஒன்று லேசான சீடர் மரம், மற்றது கனத்த மரம். கடலடிக்குச் சற்று மேலே தூண்டில் சரியாக நிற்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. செதுக்கிய உருவம் கீழ்நோக்கி, வருகிற மீனைப் பார்த்தபடி இருக்கும். முள்ளுக்கு அருகே மரத்தில் ஹாலிபட்டின் பல் தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அட்டையோடு இருந்த மூன்று படங்களும் உருவத்தை மேலே திருப்பி வைத்து எடுத்தவை. பல் தடம் ஒன்றில்கூட இல்லை.

என்னவென்று புரியாத பொருளுக்கெல்லாம் "சடங்கு" என்று எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பயன் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அடுத்து வருகிறவர் விசாரிப்பார்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது வேறொரு பேச்சைக் கேட்கும்போது. "இன்னாரிடம் பணம் கொடுத்து வாங்கியது, ரசீது இருக்கிறது, அதனால் நம்முடையது" என்கிறார்கள். டிலிங்கிட் மக்களிடையே குலச்சின்னம் தாங்கிய தொப்பி, வீட்டுத் தூண், நடன ஆடை போன்றவை தனி ஆளின் உடைமை அல்ல. உரிய முறையில் குலத்துக்கென்று ஆனவற்றை 'அட் ஊ' என்கிறார்கள். அவை தாய்வழியாகத் தொடரும் குலம் முழுவதற்கும் சொந்தம். வீட்டுத் தலைவர் அவற்றைக் காத்து வைத்திருப்பவர் மட்டுமே. விற்க அவருக்கு உரிமை இல்லை. விற்றிருந்தாலும் அந்த விற்பனை குலத்தைக் கட்டுப்படுத்தாது. கோயில் தர்மகர்த்தா உற்சவ மூர்த்தியை விற்றுவிட்டு ரசீது எழுதிக் கொடுத்தால் மூர்த்தி வாங்கியவருடையது ஆகிவிடுமா? ஆகாது என்று நமக்குச் சட்டென்று தெரிகிறது. அலாஸ்கா என்றதும் ஏன் தெரியாமல் போகிறது?

அலாஸ்காவின் டிலிங்கிட் ஊரான குளுக்வானில், 'திமிங்கில இல்லம்' என்ற குல வீட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த நான்கு வீட்டுத் தூண்களும் வண்ணம் தீட்டிய பெரும் மரத்தட்டியும் 1984-இல் வண்டியேறிப் போயின. அதைத் தடுக்க ஊர் 1976-இலேயே விதி இயற்றி வைத்திருந்தது. வழக்கு இழுத்தடித்து, 1993-இல் ஊரின் பழங்குடி நீதிமன்றமே அவற்றைத் திருப்பித் தரும்படி தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அவை வீடு திரும்பின. பழங்குடியினரின் பொருள்களைத் திருப்பித் தருவது பற்றிய 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும், தனி ஆள் விற்க முடியாத பொதுப் பண்பாட்டு உடைமை என்று ஒரு வகையைத் தனியாகவே குறிப்பிடுகிறது.

ஆகவே, "யாரிடம் வாங்கினோம்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "எந்தக் குலத்துக்கு உரியது" என்ற கட்டமும் வேண்டும். செய்தவர் பெயரை அதில் எழுதிவிடாதீர்கள். டிலிங்கிட் சமூகம் அண்டங்காக்கை, கழுகு என்று இரு பெரும் பிரிவுகளாக அமைந்தது. தனக்கான தூணையோ தொப்பியையோ செய்ய ஒரு குலம் எதிர்ப்பிரிவினரை அழைத்து, விருந்தில் அவர்களுக்கு ஈடு கொடுக்கும். செய்தவர் ஒரு பக்கம், உரியவர் மறுபக்கம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பியிருக்கும் அட்டைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

குளுக்வானில் பிறந்த லூயி ஷாட்ரிட்ஜ் 1912 முதல் 1932 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். தம் மக்களின் பொருள்களை விலைக்கு வாங்கி அனுப்பியதால் ஊரில் அவர்மேல் ஏற்பட்ட வருத்தம் நியாயமானது. ஆனால் பொருளின் பெயர், வீடு, வரலாறு ஆகியவற்றையும் அவர் எழுதி வைத்தார். இன்று குலத்தார் உரிமை கோரி வரும்போது அந்தக் குறிப்புகள் அவர்களுக்கே உதவுகின்றன.

1882 அக்டோபர் 26 அன்று அமெரிக்கக் கடற்படை ஆங்கூன் என்ற டிலிங்கிட் ஊரைக் குண்டுவீசி எரித்தது. அதில் தப்பிய ஓடம் ஒன்றின் முகப்பில் நீர்நாய் போன்ற பீவரின் உருவம் இருந்தது. அந்த முகப்பை 1999-இல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றின் கிடங்குக்குப் போன டிலிங்கிட் பெரியவர்கள் நேரில் பார்த்து அடையாளம் கண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து ஒரு ஊரின் நினைவு கிடங்கு அலமாரியில் கிடைத்தது. பெரியவர்களைக் கிடங்குக்கு அழையுங்கள். படம் அனுப்பிக் கருத்துக் கேட்பது அதற்கு ஈடாகாது.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய கிடங்குகளில் ஆர்சனிக்கும் பாதரச உப்பும் தூவினார்கள். தோல், ரோமம், கம்பளி ஆகியவற்றில் அது இன்றும் இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சோதிக்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். அங்கே அந்தத் தொப்பியைத் தலையில் வைத்து ஆடுவார்கள். அந்த ஆடையைத் தோளில் போர்த்துவார்கள். எந்த மருந்து, எப்போது தூவப்பட்டது என்று தெரிந்ததை அட்டையில் எழுதுங்கள். சோதனை முடிவையும் அதன் கீழேயே எழுதுங்கள்.

அந்தத் தூண்டிலின் அட்டையை மாற்றி எழுதிவிட்டேன். பல் தடம் தெரியும்படி, உருவத்தைக் கீழ்நோக்கி வைத்துப் புதிய படம் எடுத்தாயிற்று. எந்தக் குடும்பத்தின் தூண்டில் என்ற கட்டம் மட்டும் இன்னும் காலி. விசாரித்துக் கடிதம் போயிருக்கிறது.