கத்திரி வெயிலும் நாயின் ரோமமும்

சித்திரை பிறந்துவிட்டால் சென்னையில் நாய்களைச் சீரமைக்கும் எங்களைப் போன்றோர் அதிகம் கேட்கும் வேண்டுகோள், "வெயில் தாங்கமாட்டேங்குது, மொட்டை அடிச்சு விட்டுடுங்க" என்பதுதான். ஷிட்சு வளர்ப்பவரும் இதையே கேட்கிறார். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன், ஹஸ்கி வளர்ப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். ஷிட்சுவுக்கு முடியைக் குட்டையாக வெட்டித்தர நான் உடனே இசைகிறேன். மற்ற நாய்களுக்கு, மருத்துவக் காரணம் இல்லாதவரை, மறுத்துவிடுகிறேன். மறுப்பதற்கான காரணத்தை ஒவ்வொருவரிடமும் நிதானமாக விளக்க நேரம் கிடைப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, பொமரேனியன், நம் ஊரில் பொமரேனியன் என்றே அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. வெளியே தெரிவது சற்று முரடான மேல்முடி. அதன் அடியில் பஞ்சுபோல் நெருங்கி வளர்வது அடிமுடி. நாய் நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்வதில்லை. அதற்கு வியர்வை முக்கியமாகப் பாதத்தின் அடியில் சுரக்கிறது, உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைப்பின் மூலமாகவே வெளியேற்றுகிறது. ஆகவே முடியை மழிப்பதால் நாம் எதிர்பார்க்கும் அளவு குளிர்ச்சி அதற்குக் கிடைப்பதில்லை. மாறாக, அதுவரை வெயிலே படாத தோல் நேரடியாக வெயிலுக்கு ஆளாகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு, மழித்த முடி திரும்ப வராமல் போவது. இரட்டை ரோம நாய்களில், குறிப்பாக ஹஸ்கி, பொமரேனியன், சௌ சௌ போன்றவற்றில், மழித்த இடத்தில் முடிவேர்கள் ஓய்வுநிலையிலேயே நின்றுவிடுவதுண்டு. வளர்வதற்குச் சில மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கும் மேல் ஆகும்; வளர்ந்தாலும் மேல்முடி பின்தங்கி, அடிமுடி மட்டும் திட்டுத்திட்டாக முளைக்கும். முந்தைய கோடையில் வேறோர் இடத்தில் அடியோடு மழிக்கப்பட்டு என்னிடம் வந்த பொமரேனியன் ஒன்றுக்குத் தலையிலும் கால்களிலும் முடி செழித்திருந்தது. முதுகிலோ விரலால் தடவினால் வெல்வெட்டுத் துணியைத் தொடுவது போன்ற மெல்லிய படலம் மட்டுமே இருந்தது, அதனூடே தோல் கருத்துத் தெரிந்தது. இத்தகைய நாயை எண்ணெய் தடவிக் குணப்படுத்த முயலாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏனெனில் தைராய்டு குறைபாடு உள்ளிட்ட வேறு காரணங்களாலும் முடி வளராமல் நிற்கலாம்.

அப்படியானால் இந்த நாய்களுக்குக் கோடையில் என்னதான் செய்வது? உதிர்ந்தும் வெளியேறாமல் சிக்கிக் கிடக்கும் அடிமுடியை எடுக்க வேண்டும். தோலருகே காற்றோட்டத்தைத் தடுப்பது அதுதான். முதலில் வாரிவிட்டுக் குளிப்பாட்டிய பின், வேகமாகக் காற்றைப் பீய்ச்சும் புளோயரின் முனையைத் தோலுக்கு அருகே வைத்து நகர்த்தினால், ரோமம் பிளந்து வெள்ளைத் தோல் வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் ஓரங்களிலிருந்து இறந்த முடி கொத்துக்கொத்தாகப் பறக்கும். எஞ்சியதை அடிமுடி வாரும் சீப்பால், முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல் வார வேண்டும். நன்கு வளர்ந்த லாப்ரடாரிடமிருந்து ஒரே அமர்வில் பெரிய பை நிறைய முடி வரும். மேல்முடியில் கத்தரி படவேண்டிய தேவையே இராது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இவ்வேலை இன்னும் முக்கியம். மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் அடிமுடி ஈரமாகவே இருந்துவிட்டால், கோல்டன் ரெட்ரீவரின் கன்னத்திலும் காதடியிலும் தோல் புண்ணாகி நீர் வடியத் தொடங்கும். நாய் சொறியச் சொறிய ஒரே நாளில் உள்ளங்கை அளவுக்குப் பரவிவிடும்.

ஷிட்சு, லாசா ஆப்சோ, மால்டீஸ், பூடில் ஆகியவற்றின் முடி இதற்கு நேர்மாறானது. அது மனிதத் தலைமுடிபோல் நீண்டுகொண்டே போவது. உதிரும் முடியும் கீழே விழாமல் பக்கத்து முடியோடு பின்னிக்கொள்ளும். வீட்டில் தினமும் வாருகிறோம் என்று சொல்பவர்களின் நாய்க்கும் காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில் சடை விழுந்திருப்பதைக் காண்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. மேற்பரப்பில் மட்டுமே பிரஷ் ஓடியிருக்கிறது. ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடெடுத்து, வரி வரியாக இறக்கி வாரினால்தான் அடிவரை சிக்கு நீங்கும். பிறகு இரும்புச் சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டுவது கூடவே கூடாது. நனைந்து காயும்போது அது இன்னும் இறுகும்.

தோலோடு ஒட்டிக் கம்பளித் துண்டாகவே ஆகிவிட்ட சடையைப் பிரித்தெடுத்துத் தருமாறு சிலர் வற்புறுத்துகிறார்கள். மணிக்கணக்கில் தோலை இழுத்து நாயை வதைப்பதைவிட மழித்துவிடுவதே கருணை. அதையும் வீட்டுக் கத்தரியால் முயலாதீர்கள். சடையோடு சேர்ந்து தோல் மடிந்து வருவது கண்ணுக்குத் தெரியாது, தோல் வெட்டுப்பட்டுத் தையல் போட நேரிடும். நாங்கள் முடி மழிக்கும் கருவியான கிளிப்பரின் எண் 10 பிளேடைச் சடைக்கும் தோலுக்கும் இடையே செலுத்துகிறோம். அது சூடேறுகிறதா என்று அடிக்கடி மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்கிறோம். காதுமடலில் கனத்த சடையை எடுத்த பின் நாய் தலையை ஓயாமல் உதறினால் மடலுக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே அன்று முழுவதும் காதைக் கவனிக்குமாறு உரிமையாளரிடம் சொல்லியே அனுப்புகிறேன்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாய்களுக்குக் கிளிப்பரே தேவையில்லை. வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெள்ளை ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் காது நுனியும் வெயிலில் எளிதில் புண்படும் என்பதால் நடைப்பயிற்சியை விடியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உண்ணிக்காக மொட்டை கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. சுவர் இடுக்கிலும் படுக்கையடியிலும் முட்டையிட்டு அங்கேயே பெருகுகிறது. எர்லிக்கியா, பேபிசியா போன்ற உயிருக்கே உலைவைக்கும் நோய்களைப் பரப்பும் அதை, மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையாலோ மருந்தாலோதான் கட்டுப்படுத்த முடியும், கூடவே வீட்டின் இடுக்குகளையும் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய், பினாயில் இரண்டையும் நாயின் மேல் ஊற்றாதீர்கள். தோல் வெந்துபோவதோடு, நாய் நக்கும்போது அது வயிற்றுக்குள்ளும் போய்விடும். மனிதர்களுக்கான ஷாம்புவும் வேண்டாம். நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதன் அமிலத்தன்மையும் வேறு.

முன்பதிவு செய்யும்போது என்ன விலை என்பதோடு, என் நாயின் ரோமத்துக்கு என்ன செய்வீர்கள், முடியை எவ்வளவு நீளம் விடுவீர்கள், எப்படிக் காய வைப்பீர்கள் என்றும் கேளுங்கள். எல்லா நாய்க்கும் ஒரே தொகுப்பு என்று பதில் வந்தால் வேறிடம் பாருங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றை விட்டுவிட்டு அகல்வது உயிருக்கே ஆபத்து. அவற்றுக்குக் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள், காயும்வரை ஒருவர் அருகிலேயே நிற்பாரா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.