சாட்டின் பினிஷ்: 'மங்கல் பூச்சு' வேண்டாம், 'இளமெருகு' போதும்

எலெக்ட்ரிக் கிட்டாரின் பராமரிப்பைப் பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றில், பளபளக்காமல் அளவோடு மட்டும் ஒளிரும் மேற்பரப்பைக் குறிக்கும் 'சாட்டின் பினிஷ்' மறுபடியும் 'மங்கல் பூச்சு' ஆகியிருக்கிறது. எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மங்கல் என்பதும் தவறு, பூச்சு என்பதும் தவறு. இந்தச் சொல்லை நம்புகிறவரின் கருவிதான் கடைசியில் கெடுகிறது.

சாட்டின் முதலில் ஒரு துணி. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தை அரபு வணிகர்கள் சைத்தூன் என்று அழைத்தார்கள்; அந்த ஊர்ப்பெயரே துணிக்கும் ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சாட்டின் என்பது நெசவின் பெயர், இழையின் பெயர் அன்று. பாலியெஸ்டரிலும் சாட்டின் நெய்கிறார்கள். எனவே 'பட்டுப் பூச்சு' என்ற இன்னொரு மொழிபெயர்ப்பையும் இங்கேயே தள்ளிவிடலாம்.

'மங்கல்' அப்படி எளிதில் போகிற சொல் அன்று, ஏனென்றால் கேட்பதற்குச் சரிபோலவே இருக்கிறது. ஆனால் தமிழில் எது மங்கும்? விளக்கு மங்கும், கண்பார்வை மங்கும், பித்தளை மங்கும். இருந்த ஒளி போய்விட்டது என்பதே அதன் பொருள். மங்கியதைப் பார்த்தால் துலக்கத் தோன்றுவது இயல்பு. நண்பர் ஒருவர் அதைத்தான் செய்தார். 'மங்கல் பூச்சு' என்று படித்தவர், பளபளப்பூட்டும் பாலிஷை வாங்கி ஒரு மாலை முழுவதும் தேய்த்தார். உடலெங்கும் திட்டுத்திட்டாக மினுங்கும் கிட்டார்தான் மிஞ்சியது.

சாட்டின் மேற்பரப்பில் ஒளி குறைந்திருப்பது பழுது அன்று, திட்டமிட்டுச் செய்தது. மரத்தைக் காக்க அதன்மேல் அடிக்கும் வார்னிஷ் போன்ற லாக்கரில் மிக நுண்ணிய சிலிக்கா துகள்களைக் கலந்து அடிப்பதால், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டாகி, ஒளி ஒரே திசையில் திரும்பாமல் சிதறுகிறது. பாலிஷில் உள்ள மெழுகு அந்தப் பள்ளங்களை நிரப்பும்; அதிலுள்ள உராய்பொருள் மேடுகளைத் தேய்க்கும். இரண்டும் சாட்டினுக்குப் பகை. மேலும், மேட் என்ற அறவே ஒளியற்ற வகை தனியாக இருக்கிறது. அதையும் இதையும் 'மங்கல்' என்ற ஒரே மூட்டையில் கட்டினால், வாங்குகிறவர் எதை வைத்து வேறுபாடு அறிவார்?

'பூச்சு' என்பதும் பொருந்தவில்லை. பளபளப்பான லாக்கர் அடித்த கிட்டார் கழுத்தையே மிக மெல்லிய எஃகு நாரால் தேய்த்துச் சாட்டினாக மாற்றுகிறார்கள். (தேய்க்கும்போது, கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தப் பாகங்களான பிக்கப்புகளை ஒட்டுநாடாவால் மூடுங்கள், எஃகுத் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும்.) புதிதாக எதையும் பூசவில்லை, இருந்த பரப்பின் தன்மை மாறியது, அவ்வளவே. பரப்பின் அந்தத் தன்மைக்குத் தமிழில் 'மெருகு' என்ற அருமையான சொல் இருக்கிறது. மெருகு ஏற்றுகிறோம், மெருகு குலையாமல் காக்கிறோம். வார்னிஷை மெருகெண்ணெய் என்று சொல்லும் வழக்கும் உண்டு. அதை விட்டுவிட்டுப் 'பூச்சு' என்று எழுதுவது சோம்பல்.

ஆகவே இளமெருகு. இளஞ்சூடு, இளஞ்சிவப்பு போல, அளவோடு நிற்கும் மெருகு. இன்னொரு பொருத்தமும் உண்டு. வாசிப்பவரின் முன்கை படும் விளிம்பும், உள்ளங்கை ஓடும் கழுத்தின் பின்புறமும் நாளாக ஆகப் பளபளக்கத் தொடங்கும். 'சாட்டின் உழைக்காது' என்று சொல்பவர்கள் இதைக் காட்டித்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அங்கே லாக்கர் உரிந்திருக்காது; மேடுகள் தேய்ந்து சமமாகியிருக்கும். இளமெருகு முற்றுகிறது என்று சொன்னால் யாருக்கும் விளங்கும். மங்கல் எப்படிப் பளபளக்கும்?

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அகராதியைத் திறப்பதற்கு முன் அந்தப் பரப்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கிட்டார், பிக்கப், லாக்கர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றால் யாருக்கும் குழப்பமில்லை. பராமரிப்புக் குறிப்பில் மட்டும் இப்படி எழுதுங்கள்: 'இது இளமெருகுப் பரப்பு. வாசித்து முடித்ததும் உலர்ந்த மென்துணியால் வியர்வையைத் துடைக்கவும். அழுக்கு போகாவிட்டால் துணியைச் சற்றே ஈரமாக்கித் துடைத்து, உடனே உலர்த்தவும். பாலிஷ், மெழுகு எதுவும் தடவ வேண்டாம்.'