கடைசித் துளையிலிருந்து எத்தனை செக்கன்?

யாழ்ப்பாண நகரில் ஒரு வங்கியின் சேர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சீலிங்கில் துளை போட்ட சிவப்புக் குழாய் ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருசத்தில் ஒருநாள் குழாயின் கடைசி முனையில் புகையைக் காட்டிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மெஷினில் பச்சை லைட் எரியும்போது இது எதற்கு?"

அந்தக் குழாயும் மெஷினும் சேர்ந்ததுதான், அறைக் காற்றை உறிஞ்சிப் புகையை மோப்பம் பிடிக்கும் தீ எச்சரிக்கைக் கருவி. இதைவிட நல்ல கேள்வியை இந்த விசயத்தில் கேட்க முடியாது.

வீடுகளிலும் விடுதிகளிலும் சீலிங்கில் ஒட்டியிருக்கும் சாதாரணப் புகை உணரி, புகை தன்னிடம் வரும்வரை காத்திருக்கும். ஏசி ஓயாமல் ஓடும் அறையில் புகை நேராக மேலே எழும்பாது. குளிர்காற்று அதை அடித்துக் கலைத்துவிடும். அதனால் இங்கே விசிறி ஒன்று குழாய் வழியாக அறைக் காற்றை இடைவிடாமல் உறிஞ்சுகிறது. உறிஞ்சிய காற்று வடிகட்டியைத் தாண்டி மெஷினுக்குள்ளிருக்கும் சிறிய இருண்ட அறை ஒன்றுக்குள் போகும். அங்கே லேசர் ஒளி பாய்கிறது. காற்று சுத்தமென்றால் ஒளி நேரே போய்விடும். புகைத்துணிக்கை இருந்தால் சிதறும். சிதறிய ஒளியை அளந்தால் புகையின் அளவு தெரியும். வயரின் பிளாஸ்டிக் உறை சூடேறி இளகத் தொடங்கும்போதே, கண்ணுக்குப் புகை தெரியுமுன்னே, மணி அடித்துவிடும்.

இதன் பிறப்பு 1970களின் அவுஸ்திரேலியாவில். அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, காட்டுத்தீப் புகையை அளக்க ஒளிச்சிதறல் கருவி ஒன்றைப் பயன்படுத்திவந்தது. தொலைபேசிப் பரிமாற்றகங்களைத் தீயிலிருந்து காப்பது எப்படி என்று தபால் துறை அவர்களிடம் கேட்டது. சோதனைகளில் மற்ற உணரிகளை ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோலாக இந்தக் கருவியை வைத்தார்கள். அளவுகோலே மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு புகையைக் கண்டுபிடித்தது. அதிலிருந்து வந்ததுதான் இன்று தொழிலில் எல்லாரும் 'வெஸ்டா' என்று சொல்லும் சாதனம். காட்டுப் புகையை அளக்கப் பொதுப்பணம் ஏன் என்று அன்று யாராவது கையை மடக்கியிருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது. இலங்கை தன் மொத்த உற்பத்தியில் அரை வீதத்தைக்கூட ஆய்வுக்கு ஒதுக்குவதில்லை. உடனே பலன் தராத ஆய்வை வீண்செலவாகப் பார்க்கும்வரை, நாம் பிறர் செய்த கருவிகளை வாங்கிக்கொண்டேதான் இருப்போம்.

சரி, கேள்விக்கு வருவோம். எனக்கு இதில் மிகப் பிடித்த இடமும் இதுதான்.

கோப்பாய்ப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் துளைக்குழாய் போட்டுத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டருக்குப் பக்கத்துத் துளையில் நீர் சீறும், கடைசித் துளையில் கசியும். இங்கே ஊதுவதற்குப் பதில் உறிஞ்சல், கணக்கு ஒன்றுதான். விசிறிக்கு அருகிலுள்ள துளைகள் காற்றை அள்ளும், தூரத்துத் துளைகளுக்கு உறிஞ்சல் குறையும். அதனால்தான் வடிவமைப்பவர்கள் துளைகளை ஒரே அளவில் போடாமல், 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை தூரத்துக்கேற்ப மாற்றிப் போடுகிறார்கள். முனை மூடியிலுள்ள துளை பெரும்பாலும் மற்றவற்றைவிடப் பெரிது.

இனித்தான் நுட்பம். கடைசித் துளைக்கும் அதற்கு முந்திய துளைக்கும் இடையில் நிற்கும் காற்றை நகர்த்துவது எது? கடைசித் துளை வழியாக நுழையும் அந்தக் கொஞ்சக் காற்று மட்டும்தான். விசிறியை நெருங்க நெருங்க ஒவ்வொரு துளையும் தன் பங்கைச் சேர்க்கும், ஓட்டம் வேகம் பிடிக்கும். ஆக, பயண நேரத்தில் நல்ல பங்கு குழாயின் கடைசிச் சில மீற்றரிலேயே போய்விடுகிறது. அந்தத் துளை பாதி அடைபட்டால் மொத்த ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாது, புகை வந்துசேரும் நேரமோ ஒரேயடியாக நீண்டுவிடும்.

மெஷினும் ஓட்டத்தை அளக்கிறதுதான். ஆனால் அது அளப்பது மொத்தத்தை. 20 துளைகளில் ஒன்று முழுதாக அடைபட்டாலும் ஓட்டம் 5 வீதம்கூடக் குறையாது, ஏனென்றால் மற்றத் துளைகள் சற்றுக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். பிழை காட்டும் எல்லை வழக்கமாக 20 வீதம். அதாவது மூன்று துளைகள் குருடாகிப்போனாலும் பச்சை லைட் எரிந்துகொண்டே இருக்கும். அந்த மூன்றுக்கும் கீழே நிற்கும் இறாக்கைகளுக்குக் காவல் இல்லை.

அதனால்தான் கடைசித் துளையில் புகை, கையில் மணிக்கூடு. அந்தப் புகை மெஷினுக்கு வந்துசேரப் பொதுவான உச்ச வரம்பு 120 செக்கன். ஆனால் வரம்புக்குள் வந்தால் போதும் என்று விடக்கூடாது. பொருத்திய நாளில் அளந்த நேரத்தோடு ஒப்பிட வேண்டும். அன்று 70, இன்று 105 என்றால் எங்கோ அடைப்பு. அன்று 70, இன்று 40 என்றால் சந்தோசப்பட ஒன்றுமில்லை. முனை மூடி கழன்றிருக்கலாம். அப்போது உறிஞ்சலையெல்லாம் அந்த வாய் எடுத்துக்கொள்ள, நடுத் துளைகள் பட்டினி கிடக்கும். நடுவில் ஒரு மூட்டு விட்டுப்போயிருந்தால் மொத்த ஓட்டம் கூடும், கடைசித் துளையில் காட்டிய புகை மட்டும் வந்தே சேராது.

இங்கே நடக்கும் ஒரு தவறைச் சொல்லத்தான் வேண்டும். ஓட்டப் பிழை காட்டினால், இப்போதைய ஓட்டத்தையே சரியான அளவாக மெஷினுக்குப் பழக்கிவிடும் வசதி பல மாதிரிகளில் உண்டு. குழாயைச் சுத்தம் செய்யாமல் அதை அழுத்தினால் லைட் பச்சையாகிவிடும், அடைப்பு அப்படியே இருக்கும். முதலில் சுத்தம், அப்புறம்தான் அந்த வேலை.

சுத்தம் செய்யும்போது குழாயை மெஷினிலிருந்து கழற்றிவிட்டே காற்றை ஊதவேண்டும், மெஷின் பக்கமிருந்து துளைகளை நோக்கி. கழற்றாமல் ஊதினால் தூசி முழுக்க லேசர் அறைக்குள் போய் இறங்கும். வடிகட்டியை வழக்கமாக இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். சோளகம் செம்மண் புழுதியை வாரி அடிக்கும் நம்மூரில் அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரலாம். தட்டியோ கழுவியோ திரும்பப் போடக்கூடாது.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கு மணி அடிக்கிறதே என்றும் வாசகர் கேட்டிருந்தார். அடிக்கத்தான் செய்யும். லேசருக்குத் துணிக்கை துணிக்கைதான். சரஸ்வதி பூசையன்று இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கண்ணூறு படாமலிருக்கக் கதவில் தேசிக்காயும் மிளகாயும் கட்டத் தவறாத அலுவலகம், வடிகட்டி வாங்கும் பில்லை மட்டும் அடுத்த வருசத்துக்குத் தள்ளுவது எனக்கு மனவருத்தம் தருகிறது. பூசைக்காக மெஷினை நிறுத்திவிட்டு மறந்துபோவது இன்னும் மோசம். சாம்பிராணியை அறைக்கு வெளியே காட்டுங்கள்.

பெயின்ற் அடிப்பவர்கள் வந்துபோனாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே சோதிக்கச் சொல்லுங்கள். பராமரிப்புக் கொப்பியில் செக்கன் எழுதாமல் 'சரி' என்று மட்டும் குறித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், அடுத்த முறை ஏணியைப் பிடித்துக்கொண்டு நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.