லாச்சிக் காசு உங்கள் காசு அல்ல

"கடை நல்லா ஓடுது அண்ணை, ஆனா கையில காசு நிக்குதில்லை." யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, கணக்குக் கேட்டு என்னிடம் வரும் கடைக்காரரிடம் இந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். கூடவே வருபவை திரும்பி வந்த காசோலை, நகை அடகு வைத்த துண்டு, பாதியில் எழுதாமல் விட்ட கொப்பி. இந்த முறையும் அப்படியே. வருகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. விடிய முதல் எழும்பி மருதனார்மடம் சந்தைக்குப் போய், இரவு ஒன்பதுக்குக் கடை பூட்டுகிறவர்கள். அவ்வளவு உழைப்பும் ஒரு பிழையான எண்ணத்தால் கரைந்துபோவதைப் பார்க்க மனம் பொறுக்குதில்லை.

லாச்சியில், அதாவது கடையில் காசு போடும் இழுப்பறையில், கிடப்பதெல்லாம் என் காசு என்பதுதான் அந்த எண்ணம்.

ஒரு பலசரக்குக் கடையில் நாளுக்கு 40,000 ரூபாய் விற்பனை, நூற்றுக்கு 13 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். அந்த நாற்பதாயிரத்தில் 34,800 பொருளின் கொள்விலை. அது சாமான் தந்தவரின் காசு. மிச்சம் 5,200. வாடகை மாதம் 25,000, மின்சாரம் 18,000, வேலைக்கு நிற்கும் பெடியனுக்குச் சம்பளமும் சேமலாப, நம்பிக்கை நிதிகளுக்கு நீங்கள் கட்டுவதும் சேர்த்து 46,000. மாதம் 30 நாளும் திறந்தாலும் இவற்றுக்கே நாளுக்கு ஏறத்தாழ 2,970 போய்விடும். பை, ஏற்றுக்கூலி, அழுகிப்போன மரக்கறி என்று இன்னொரு 700. மீதி 1,530. உங்களுடையது அவ்வளவுதான். வீட்டுச் செலவுக்கு நாளுக்கு 5,000 எடுத்தால் அதில் 3,470 மற்றவனுடைய காசு. ஒரு மாதத்தில் 104,100.

இந்தப் பள்ளம் உடனே தெரியாது. அடுத்த நாள் விற்பனைக் காசு வந்து மூடிவிடும், சாமான் தந்தவரும் 30 நாள் தவணை தந்திருப்பார். நல்லூரின் 25 நாளும் லாச்சி நிரம்பி வழியும்போது மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டுகிறார்கள். திருவிழாவுக்கென்று கடனில் இறக்கிய சாமானின் காசோலைகள் கொடியிறங்கிய பிறகுதான் வங்கிக்கு வரும். கனடாவில் இருந்து தம்பி அனுப்பும் காசும் இப்படித்தான் ஏமாற்றும். அதை விற்பனையோடு சேர்க்காமல், கடைக்குப் போட்ட முதல் என்று தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் நட்டத்தில் போகும் கடை இலாபமாகத் தெரியும்.

தினம் பத்து நிமிடம் போதும். காலையில் 2,000 ரூபாய் சில்லறையோடு தொடங்குங்கள். பூட்ட முதல் எண்ணுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம்: தொடக்கக் காசு, காசு விற்பனை, பழைய கடனில் வந்தது, சாமானுக்குக் கட்டியது, வீட்டுக்கு எடுத்தது, இருக்க வேண்டியது, எண்ணியது. 300 குறைந்தால் 300 குறைவு என்றே எழுத வேண்டும். சட்டைப்பையில் இருந்து போட்டுச் சரிக்கட்டாதீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் 300 குறைகிறதென்றால் யாருக்கோ கடன் கொடுத்து எழுத மறந்திருப்பீர்கள், அல்லது சன நெரிசலில் மிச்சக் காசு கூடப் போயிருக்கும். நிரப்பிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்து கிழமை முழுவதையும் எழுதுவதும் கணக்கல்ல. செவ்வாய்க்கிழமை பாண்காரருக்குக் கொடுத்த 1,800 யாருக்கு நினைவிருக்கும்?

உங்களுக்கென்று மாதம் 40,000 என்று ஒரு சம்பளம் வைத்து, முதலாந் திகதி ஒரே தரத்தில் எடுங்கள். போதாது என்றால் கடையைத்தான் திருத்த வேண்டும். லாச்சியைத் திறந்து அது தீராது.

வேலைக்கு நிற்பவரின் காசைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் நின்றாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டாயம். 40,000 சம்பளம் என்றால் அவரிடம் பிடிப்பது 8 சதவீதம், 3,200. நீங்கள் போடுவது 12 சதவீதம், 4,800. ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் நீங்களே 3 சதவீதம், 1,200. "சொந்தக்காரப் பெடியன்தானே, பிறகு பார்ப்பம்" என்கிறார்கள். பிடித்த 3,200ஐக் கட்டாமல் வைத்திருப்பது அவன் சட்டைப்பையில் கை போடுவதற்குச் சமம். அடுத்த மாத இறுதிக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் தாமதத்தைப் பொறுத்து 50 சதவீதம் வரை ஏறும்.

ஏற்கனவே பள்ளத்தில் நிற்பவர்களுக்கு: நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு மூன்று லட்சம் எடுத்துக் காசோலையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மாதம் 30,000 வட்டி. பத்து மாதத்தில் மூன்று லட்சம் கட்டியிருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் திகதி என்று ஒரு தாளில் எழுதி, வட்டி கூடியதை முதலில் அடையுங்கள். காசோலைக்குக் காசு இல்லை என்று தெரிந்தால் ஒளிந்து திரியாமல், திகதிக்கு மூன்று நாள் முந்தியே சாமான் தந்தவருக்கு அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள். பாதியை இப்போது தருகிறேன், மிச்சத்துக்கு இன்ன திகதி என்று கேளுங்கள். வங்கியால் திரும்பிய பிறகு கேட்டால் அவர் அடுத்த லோட்டை இறக்க மாட்டார்.