மேட்டுப்பாளையம், எட்டெழுத்து

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே போகிறது என்று அந்தப் பையனைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவான். கண்டக்டர் கூவுவதைக் கேட்டிருப்பான். இல்லையென்றால் வண்டி நிற்கும் இடத்தை வைத்துச் சொல்வான். பலகையை மட்டும் படிக்க மாட்டான். வயது 9, நாலாம் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரன். வீட்டில் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. இன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து, கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று அப்பாவுக்கு வாயாலேயே கணக்குப் போட்டுச் சொல்வானாம்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் என் தோழியிடம் வருகிறான். அவள் ஸ்பெஷல் எஜுகேட்டர். ஊரில் பாதிப்பேர் 'டியூஷன் மிஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அவளுக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கு அவளைவிட அதிகம். டியூஷன் என்றால் பள்ளியில் நடத்திய பாடத்தை இன்னொரு தடவை நடத்துவது. இவள் பாடமே நடத்துவதில்லை. பையன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று பார்ப்பதுதான் அவளுடைய பாதி வேலை.

நான் போயிருந்த அன்று அவள் ஒரே ஒரு சொல்லைச் சொல்லி எழுதச் சொன்னாள். மேட்டுப்பாளையம். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்: மேடுபளயம்.

எட்டெழுத்துச் சொல்லில் நாலு தப்பு. பள்ளிக்கூடமாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு, அப்புறம் பத்து தடவை இம்போசிஷன். இவள் பென்சிலால் நாலு சின்ன வட்டம் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பார்த்தியா? மூணும் ஒரே தப்பு. நாலாவது தப்பே இல்ல."

எனக்குப் புரியவில்லை. பையன் போன பிறகு டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விளக்கினாள்.

அவள் பேசியது டிஸ்லெக்சியாவைப் பற்றி. புத்தி நன்றாக இருந்தும் படிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு அது. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு மனதில் வருவது எழுத்துகள் தலைகீழாகத் தெரிவதும் வரிகள் நடனம் ஆடுவதும்தான். அந்த நினைப்பு பழையது. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, விளையாட்டில் சுறுசுறுப்பு, ஆனால் படிக்க மட்டும் வரவில்லை. பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். எல்லாப் பாடத்தையும் வாய்வழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவன் ஆசிரியர் சொன்னாராம். மார்கன் இதற்கு 'பிறவிச் சொற்குருடு' என்று பெயர் வைத்தார். பெயரிலேயே பழி கண் மீது விழுந்துவிட்டது. இன்றைக்கும் பெற்றோர்கள் முதலில் கண் டாக்டரிடம்தான் போகிறார்கள். பார்வையைச் சோதிப்பது நல்லதுதான், குறை இருந்தால் கண்ணாடி போட வேண்டும். ஆனால் டிஸ்லெக்சியாவுக்கென்று கலர் கண்ணாடி விற்கிறார்கள் பாருங்கள், அதில் பலன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டார்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கல் காதில். காது மந்தம் என்று சொல்லவில்லை, காது நன்றாகவே கேட்கும். கேட்ட சொல்லை மூளை எவ்வளவு பொடியாக உடைத்து வைத்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேசுவதற்கு உடைக்க வேண்டியதில்லை. 'மேட்டுப்பாளையம்' என்பதை ஒரே கட்டியாக வாயில் போட்டுத் துப்பலாம், எல்லோருக்கும் புரியும். எழுதப் போகும்போதுதான் உடைத்தாக வேண்டும்.

மனிதர்கள் எப்போதிலிருந்தோ பேசுகிறார்கள். எழுத்து வந்து சுமார் ஐயாயிரம் ஆண்டுதான் ஆகிறது. படிப்பதற்கென்று மூளையில் ஓர் இடம் தானாக உருவாகும் அளவுக்கு அது நீண்ட காலமில்லை. அதனால் ஒவ்வொரு குழந்தையும் தன் மூளையில் வேறு வேலைக்கு இருந்த ஒரு பகுதியைப் படிப்புக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் இடத்துக்குப் பக்கத்தில், இடது காதுக்குச் சற்றுப் பின்னால் அடிப்புறத்தில் அது இருக்கிறது. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹான் இதை மறுசுழற்சி என்கிறார். இந்தப் பகுதிக்கும் பேச்சொலியைக் கையாளும் பகுதிகளுக்கும் நடுவே பாதை நன்றாக விழுந்துவிட்டால், எழுத்தைப் பார்த்ததும் ஒலி தானாக எழும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு அந்தப் பாதை ஒற்றையடிப் பாதையாகவே கிடக்கிறது. 2001-இல் இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களைப் படிக்கவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். மூன்று மொழிக்காரர்களுக்கும் இடது பக்கத்தில் அதே பகுதியில்தான் செயல்பாடு குறைந்திருந்தது. வெளியே தெரிந்த பாதிப்பு மட்டும் மொழிக்கு மொழி வேறு. எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான உறவு இருக்கும் இத்தாலியத்தில் ஆங்கிலத்தை விடத் தப்பு குறைவு.

தமிழில் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தை வைத்து எழுதிய கையேடுகளில் பி (b), டி (d) குழப்பம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். நம் எழுத்தில் கண்ணாடிப் பிம்பம் போன்ற ஜோடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் பிள்ளைகள் தடுக்குவது வேறு இடங்களில். 247 எழுத்து என்று பெருமையாகச் சொல்கிறோம், அத்தனையும் அந்தப் பிஞ்சுத் தலையில் ஏற வேண்டுமே! கொம்பு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. உகரத்துக்கு ஒரே அடையாளம் கிடையாது: கு, சு, து, மு எல்லாம் ஒவ்வொரு விதமாக வளையும். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண வேறு. நம் எழுத்தைப் போலவே அமைந்த கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வு, சாதாரணக் குழந்தைகளுக்கே எழுத்தறிவு முழுமையாக நாலைந்து வருடம் பிடிக்கிறது என்று காட்டியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை உகர ஊகாரத்தில் தடுமாறினால் உடனே டிஸ்லெக்சியா என்று பயப்பட வேண்டியதில்லை.

இப்போது மேடுபளயத்துக்கு வருவோம். ட் விட்டுப்போயிருக்கிறது. ப் விட்டுப்போயிருக்கிறது. பா, ப ஆகியிருக்கிறது. மூன்றும் ஒலியின் நீளத்தைப் பற்றியவை. மெய் இரட்டித்தால் ஒலி ஒரு கணம் அடைத்து நிற்கும், நெடில் இழுக்கும். தொல்காப்பியம் கண்ணிமையையும் கைநொடியையும் அளவாக வைத்து மாத்திரை சொன்னதே, அந்த மாத்திரைதான் இவனுக்குப் பிடிபடவில்லை. கண்ணில் கோளாறு என்றால் தப்புகள் இப்படி ஒரே சாதியாக வராது.

நாலாவது, ளை என்பதை ள என்று எழுதியது. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாம் யாராவது மேட்டுப்பா'ளை'யம் என்று சொல்கிறோமா? மேட்டுப்பாளயம் என்றுதானே சொல்கிறோம். ஐகாரக் குறுக்கம் என்று இலக்கணத்தில் படித்தது இதைத்தான். பையன் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். எழுத்து வழக்கம் அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அது பின்னால் பழகிக்கொள்ளலாம்.

சிகிச்சை என்று அவள் செய்வது பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். "கண்ணு, கையை மேசையில வை." குறில் வந்தால் விரலால் ஒரு தட்டு. நெடில் வந்தால் விரல் மேசை மேல் நீள இழுபடும். புள்ளி வந்தால் விரல்களை மூடிக் கொள்ள வேண்டும். படம்: தட்டு, தட்டு, மூடு. பட்டம்: தட்டு, மூடு, தட்டு, மூடு. பேனாவே கிடையாது. பல், பால். கடை, கட்டை. பாடு, பாட்டு. பத்துப் பதினைந்து ஜோடி போன பிறகுதான் எழுத்து அட்டைகள் வெளியே வரும். அட்டையை வைத்து, ஒலித்து, விரலால் அதன் மேல் எழுதி, மறுபடி ஒலித்து... ஒரு மணி நேரத்தில் புதிதாக ஒரே ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் பழசைத் திருப்புவது.

சின்ன வயதில் நாம் பேசிய 'க' பாஷை நினைவிருக்கிறதா? ஒவ்வோர் அசைக்கும் முன்னால் க போட்டு, 'கநீ கஎங் ககே கபோ கறே' என்று பெரியவர்களுக்குப் புரியாமல் பேசுவோமே. அவள் அதையும் பயன்படுத்துகிறாள். சொல்லை அசை அசையாகப் பிரித்தால்தான் அந்தப் பாஷை வரும். இவனுக்கு அது மாட்டு வண்டி வேகத்தில்தான் வந்தது.

இம்போசிஷன் ஏன் உதவாது என்று கேட்டேன். முதல் தடவை பார்த்து எழுதிய பிறகு, மீதி ஒன்பதும் மேல் வரியைப் பார்த்து வரைவதுதானே என்றாள். காதுக்கு அதில் வேலையே இல்லை. அவள் செய்கிற எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை வரிசையாக, ஒளிவுமறைவில்லாமல் கற்றுக்கொடுப்பது பலிக்கிறது என்பதற்குப் பலமான சான்று உண்டு. மணலில் எழுதுவது, விரலால் தடவுவது போன்றவை தனியாக எவ்வளவு கூட்டுகின்றன என்பது அவ்வளவு தெளிவில்லை. பிள்ளை சலிக்காமல் உட்கார்ந்திருக்கிறானே, எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது.

பாதை அகலமாகுமா? 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படிக்கத் திணறும் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம், மொத்தம் 160 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்பும் முன்னேறியது, மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளிலும் அந்த எட்டு வாரத்துக்குள்ளேயே மாற்றம் தெரிந்தது. நம் பையனுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். மழை வந்து மரம் சாய்ந்தால் அதுவும் இல்லை.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே வகுப்பில் வீட்டில் படுகு பேசும் பிள்ளை, இருளர் பிள்ளை, இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளை, கன்னடமோ மலையாளமோ பேசும் பிள்ளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தமிழில் ஒரே க-வைக் கடல், தங்கம், மகன் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறோம். அந்தச் சொல் ஏற்கெனவே பழகியிருந்தால் வாய் தானே திருத்திக்கொள்ளும். பழகாத பிள்ளை எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும் தப்பாகப் படிக்கும். அதைப் போய்க் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. உண்மையில் குறைபாடு இருக்கிற பிள்ளையை 'வீட்டு மொழி வேற, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவதும் நடக்கிறது.

இந்தப் பையன் வீட்டில் படுகுதான். அதனால் முதல் நாளே பாட்டியையும் வரச் சொல்லி, படுகுச் சொற்களில் அதே விளையாட்டை ஆடிப் பார்த்திருக்கிறாள். படுகுவுக்கு எழுத்தில்லை, ஆனால் ஒலி விளையாட்டுக்கு எழுத்து எதற்கு? தான் பிறந்து வளர்ந்த ஊரைக் குறிக்கும் 'ஹட்டி' என்ற சொல்லிலேயே விரல் எங்கே மூட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பொருள்களின் படங்களை வரிசையாகக் காட்டி வேகமாகப் பெயர் சொல்லச் சொன்னாள். டெங்க்லா, ருடெல் என்ற ஆய்வாளர்கள் 1976-இல் விரிவாக ஆராய்ந்த சோதனை அது. தெரிந்த பெயர்தான், ஆனால் வெளியே வர நேரம் எடுத்தது. மொழி காரணமில்லை என்று அவள் அதற்கப்புறம்தான் முடிவுக்கு வந்தாள்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் ஒன்று. டிஸ்லெக்சியாவும், எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியாவும், கணக்கில் வரும் டிஸ்கால்குலியாவும் இதற்குள்தான் வருகின்றன. சான்று கொடுப்பது மருத்துவக் குழு, என் தோழி அல்ல. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. 'ஊனம்னு எழுதிடுவாங்களே' என்று தயங்கும் வீடுகள் நிறைய. என் சொந்த அண்ணனுக்கு எட்டாம் வகுப்பில் ஒரு பள்ளி கொடுத்த சான்று, எல்லார் முன்னாலும் வாயால் கொடுத்தது, 'சோம்பேறி' என்பது. அதற்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் நோட்டைத் திறந்து தேதி போட்டு, பையன் பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

'அடுத்த புதன்: ட - ட்ட, விரல் மட்டும். ப்ப அதற்கப்புறம். ஐகாரம் இப்போது தொட வேண்டாம்.'