இரண்டெழுத்து 'சரி'யும் இரண்டு வயதுப் பயமும்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஆபீஸிலிருந்து கிளம்பும் கணவர் வெறும் 'சரி' என்று மெசேஜ் போட்டால், அதன்பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடாது. இரண்டு வயதில் என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் இங்கே வேலைக்கு வந்துவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

இருக்கலாம். சிறுவயதில் பாசமோ பாதுகாப்போ போதாமல் போனால், மனசு தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடும். 'என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்', 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பது மாதிரி. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி யங் இவற்றை ஸ்கீமா என்று அழைத்து, 18 வகைகளாகப் பிரித்தார். 'என் தேவை கடைசியில்தான்' என்பதும் அதில் ஒன்று. நம் வீடுகளில் அதற்குப் 'பொறுமைசாலி' என்ற பட்டமே உண்டு.

இது வேலை செய்யும் விதம்தான் என்னை அசர வைக்கிறது. 'சரி' என்பதில் குரலும் இல்லை, முகமும் இல்லை. மூளை அந்த வெற்றிடத்தை அப்படியே விடாது. பழைய சரக்கை எடுத்து நிரப்பும். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி கணவர் தட்டிய சொல், மனைவிக்கு 'அலுத்துவிட்டேன்' என்று கேட்கிறது. நான்கு முறை போன் அடிக்கிறார். கூட்டத்தில் அவர் கட் பண்ணுகிறார். எரிச்சலோடு வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிடுகிறார். 'நான் நினைத்தது சரியாகப் போச்சு' என்கிறது மனசு. பயமே தனக்கான சாட்சியை உண்டாக்கிக்கொண்டது! அதே பயமுள்ள இன்னொரு பெண் போனே அடிக்க மாட்டார். கணவர் விலகுவதற்குள் தானே விலகிவிடுவார். முடிவு என்னவோ அதே மௌனம்தான்.

ஒற்றைச் சொல்லுக்கு இத்தனை கனம் ஏன்? 2006-இல் உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. திருமணமான 16 பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் லேசான ஷாக் வரலாம் என்று சொன்னார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் ஆபத்து எதிர்வினை தணிந்தது. முன்பின் தெரியாதவரின் கைக்கு அவ்வளவு பலன் இல்லை. தாம்பத்தியம் எவ்வளவு நன்றாக இருந்ததோ, அவ்வளவு தணிவு. ஆபத்தா இல்லையா என்பதை மூளை துணையை வைத்தும் அளக்கிறது.

கல்யாணத்துக்கு முன் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இரண்டு பேரும் எதற்குப் பயந்து வளர்ந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: அடிக்கிற கணவனைப் பார்த்துப் பயப்படுவது ஸ்கீமா இல்லை. அது நிஜமான ஆபத்து.

ஸ்கீமா மாறக்கூடியது. அதற்கென்றே சிகிச்சை முறை உண்டு. பெங்களூரு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதுவரை, அடுத்த 'சரி' வரும்போது ஒரு தாளில் வந்த சொல்லை ஒரு பக்கமும், மனசு சேர்த்ததை மறுபக்கமும் எழுதுங்கள். அப்புறம் அவர் வீட்டுக்கு வந்ததும் கேளுங்கள், "மெட்ரோவில் இன்றைக்குக் கூட்டமா?"